பழைய காரில் ஸ்டீயரிங் ஆட்டம்: எந்த இணைப்பில் கோளாறு என்று கண்டுபிடிப்பது எப்படி

பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய ஒரு காரை வாங்கி ஓட்ட ஆரம்பித்த கொஞ்ச நாளில் பலருக்கும் இது தெரியவரும். நேர் சாலையில் ஸ்டீயரிங்கை லேசாக அசைத்தால் கார் கண்டுகொள்வதே இல்லை, இன்னும் ஒரு விரற்கடை திருப்பிய பிறகுதான் முன்பக்கம் அசைகிறது. வேகம் கூடினால் கை ஓயாமல் இடமும் வலமுமாகத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் காட்டினால் பத்தில் எட்டுப் பேர் முதலில் சொல்வது "டை ராட் எண்ட் போயிருக்கும், மாத்திடலாம்" என்பதுதான் (ஸ்டீயரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பியின் முனை ஜாயின்ட்தான் டை ராட் எண்ட்). பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் சரியாக இல்லாத நேரத்தில் ஒவ்வொரு பாகமாக மாற்றிக்கொண்டே போவீர்கள், ஆட்டம் அப்படியே இருக்கும்.

எனக்கு அப்படித்தான் நடந்தது. இரண்டு பக்கமும் டை ராட் எண்ட் மாற்றினேன், அலைன்மென்ட் செய்தேன், ஒரு மாற்றமும் இல்லை. அடுத்தது ஸ்டீயரிங் ரேக்கையே, அதாவது தண்டின் சுழற்சியை இடவல அசைவாக மாற்றும் பல் அமைப்பையே, மாற்ற வேண்டும் என்றார்கள். அந்தச் செலவைச் செய்வதற்கு முன் ஒரு நாள் காலையில் தம்பியை உட்கார வைத்து ஸ்டீயரிங்கை ஆட்டச் சொல்லிவிட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு மேலிருந்து கீழே ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். பெடல்களுக்குப் பக்கத்தில் ஸ்டீயரிங் தண்டு ரேக்கோடு சேரும் யூ ஜாயின்ட்டில் (தண்டு மடங்கிய கோணத்திலும் சுழல விடும் இணைப்பு) மேல் பாதி திரும்புகிறது, கீழ் பாதி சும்மா நிற்கிறது. கிளாம்ப் போல்ட் தளர்ந்து, உள்ளே இருக்கும் பற்கள் தேய்ந்து போயிருந்தன. போல்ட்டை இறுக்கினாலும் பயனில்லை என்ற அளவுக்குத் தேய்மானம், அந்தத் தண்டை மட்டும் மாற்றியதும் ஆட்டம் முழுசாகப் போய்விட்டது. இன்னும் கொஞ்ச நாள் கவனிக்காமல் ஓட்டியிருந்தால் ஓடும்போதே ஸ்டீயரிங் கழன்றிருக்கும் என்பதை நினைத்தால் இன்றைக்கும் பகீரென்கிறது.

அன்றிலிருந்து நான் கடைப்பிடிக்கும் முறை ஒன்றுதான். ஸ்டீயரிங்கிலிருந்து சக்கரம் வரை ஒரு சங்கிலி இருக்கிறது, ஒவ்வொரு கண்ணியும் தனக்குக் கிடைத்த அசைவை அடுத்ததற்குக் கொடுக்க வேண்டும். எந்த இடத்தில் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையாமல் இருக்கிறதோ, அந்த இணைப்புதான் கோளாறு. அதைக் கண்ணால் பார்க்கும்வரை, அல்லது கையால் உணரும்வரை, எந்தப் பாகத்தையும் வாங்காதீர்கள்.

முதலில், அது உண்மையிலேயே ஆட்டம்தானா?

"ஸ்டீயரிங் லூசாக இருக்கிறது" என்று நாம் சொல்வது நாலைந்து வேறு வேறு விஷயங்களைக் குறிக்கும். காலியான நேர் சாலையில் மெதுவாக, 30 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டே ஸ்டீயரிங்கை மிகச் சின்னதாக இரண்டு பக்கமும் அசைத்துப் பாருங்கள். முதல் சில சென்டிமீட்டருக்குக் கார் எதுவுமே செய்யவில்லை என்றால் அது ஆட்டம், இணைப்புகளில் எங்கேயோ இடைவெளி இருக்கிறது. அசைத்த உடனே கார் கேட்கிறது, ஆனால் விட்டால் தானாக ஒரு பக்கமோ இரண்டு பக்கமுமோ அலைகிறது என்றால் அது வேறு வியாதி. டயர் காற்று, அலைன்மென்ட், லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் ஆர்ம் சட்டத்தோடு சேரும் இடத்து ரப்பர்), பின் ஆக்ஸில் புஷ், இவற்றில் ஏதோ ஒன்று. 80, 100 கி.மீ. வேகத்தில் மட்டும் ஸ்டீயரிங் நடுங்கினால் முதலில் வீல் பேலன்சிங்கைப் பாருங்கள் (தேய்ந்த ஜாயின்ட் இருந்தால் சின்ன நடுக்கமும் பெரிதாகத் தெரியும் என்பது உண்மைதான்). பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஒரு பக்கம் இழுத்தால், அல்லது ஆக்ஸிலரேட்டரை மிதித்து விடும்போது கார் கொஞ்சம் திசை மாறினால், லோயர் ஆர்மின் பின்பக்கப் புஷ்ஷைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

இதோடு இன்னொன்று, ஸ்டீயரிங் வீலையே மேலும் கீழுமாக, உங்களை நோக்கி, டாஷ்போர்டை நோக்கி இழுத்துத் தள்ளிப் பாருங்கள். அப்படி ஆடினால் அது ஸ்டீயரிங் காலத்தின் (column, ஸ்டீயரிங் தண்டைத் தாங்கும் பகுதி) பேரிங் அல்லது உயரத்தை மாற்றும் லிவரின் பிடி தளர்ந்தது. இதையும் சரிசெய்ய வேண்டும், ஆனால் மேலே சொன்ன ஆட்டத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கீழே குனிவதற்கு முன் சின்னச் சின்ன வேலைகளை முடித்துவிடுங்கள். நாலு டயரிலும் டிரைவர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்குக் காற்று பிடியுங்கள். வீல் நட்டுகள் எல்லாம் இறுகியிருக்கின்றனவா பாருங்கள், இது அபத்தமாகத் தோன்றினாலும் தளர்ந்த நட்டுகளோடு ஓடிக்கொண்டிருந்த காரை நான் பார்த்திருக்கிறேன். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும், 2316 என்றிருந்தால் 2016-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது என்று அர்த்தம். பட்டன் (தரையில் படும் ரப்பர் கட்டைகள்) நன்றாக இருந்தும் டயர் இறுகிப் போய் வெடிப்பு விட்டிருந்தால் கார் மிதப்பது போலத்தான் இருக்கும். அப்புறம் உள்ளங்கையை டயரின் மேல் குறுக்காக, உள்ளிருந்து வெளியேயும் வெளியிலிருந்து உள்ளேயும் தடவுங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறு திசையில் ரம்பம் போலவும் பட்டால் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பியிருக்கும் அளவு) தவறியிருக்கிறது. அலைன்மென்ட் யாரோ சரியாகச் செய்யவில்லை, இல்லையென்றால் ஒரு ஜாயின்ட் தேய்ந்து அதைக் கலைத்துக்கொண்டே இருக்கிறது.

ஆட்டத்தை அளப்பது

காரைச் சமதளத்தில், சக்கரங்கள் நேராக இருக்கும்படி நிறுத்துங்கள். பவர் ஸ்டீயரிங் என்றால் எஞ்சின் ஓட வேண்டும், ஏனென்றால் ஹைட்ராலிக் ஸ்டீயரிங்கில் உள்ளே முறுக்கிக் கொடுக்கும் ஒரு கம்பி இருக்கிறது. எஞ்சின் நின்றிருக்கும்போது அது முறுகுவதே ஆட்டம் போலத் தெரிந்து உங்களை ஏமாற்றும். கியர் நியூட்ரலில் (ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கில்), ஹேண்ட் பிரேக் போட்டிருக்க வேண்டும், மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓட விடாதீர்கள். ஸ்டீயரிங் வளையத்தின் உச்சியில் ஒரு மாஸ்கிங் டேப் ஒட்டி, டாஷ்போர்டில் ஒரு குச்சியையோ கம்பியையோ முள் மாதிரி அசையாமல் வையுங்கள். ஒருவர் வெளியே முன் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, நீங்கள் மெதுவாக ஒரு பக்கம் திருப்பி, சக்கரம் அசையத் தொடங்கும் அந்த நொடியில் டேப்பில் ஒரு கோடு போடுங்கள், அப்புறம் மறுபக்கம் திருப்பி இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் உங்கள் ஆட்டம். பல கார்களின் சர்வீஸ் மேனுவல்கள் 30 மி.மீ. வரை அனுமதிக்கின்றன, சிலவற்றில் 10 மி.மீ.தான். உங்கள் காருக்கு எவ்வளவு என்று மேனுவலில் பாருங்கள். 38 செ.மீ. விட்டமுள்ள ஸ்டீயரிங்கில் 30 மி.மீ. என்பது ஏறக்குறைய 9 பாகை, அதையும் தாண்டியிருந்தால் ஓட்டும்போதே கைக்குத் தெரியும். பழைய ஜீப், பிக்கப் போன்ற, ரேக்குக்குப் பதிலாக ஸ்டீயரிங் பாக்ஸ் என்ற கியர் பெட்டி உள்ள வண்டிகளில் ரேக் வண்டிகளைவிட இயல்பாகவே கொஞ்சம் கூடுதல் ஆட்டம் இருக்கும், அதை இதோடு ஒப்பிட வேண்டாம்.

இந்த எண்ணை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்த பிறகு மறுபடி அளந்தால்தான் சரியான இடத்தில் கை வைத்தீர்களா என்பது தெரியும்.

தரையில் நின்றபடியே பார்க்கும் சோதனை

எல்லாச் சோதனையிலும் இதுதான் பெரியது, இதற்கு வேண்டியது இன்னொரு ஆளும் ஒரு டார்ச்சும் மட்டும்தான். கார் தன் சக்கரத்தில், தன் எடையோடு நிற்க வேண்டும், ஜாக்கி வேண்டாம். டயர் தரையைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்புக் கொடுப்பதால் எங்கே இடைவெளி இருக்கிறதோ அங்கே அது வெளியே வந்துவிடும். உள்ளே இருப்பவர் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் மூன்று நாலு சென்டிமீட்டர் அளவுக்கு, நிறுத்தாமல், டக் டக் என்று ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முழுசாகத் திருப்பக் கூடாது, திருப்பினால் எல்லாமே நகரும், எதுவும் தெரியாது. எஞ்சின் ஓடும்போது பெல்ட், ஃபேன் பக்கம் கையோ துணியோ போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேலிருந்து தொடங்குங்கள். பெடல்களுக்கு மேலே ஸ்டீயரிங் தண்டின் யூ ஜாயின்ட் தெரியும், சில கார்களில் ஒன்று உள்ளேயும் ஒன்று எஞ்சின் பக்கமும் இருக்கும். அதன் மீது ஒரு விரலை வைத்துக்கொள்ளுங்கள், அதன் மேல் பாதி திரும்பும் அதே கணத்தில் கீழ் பாதியும் திரும்ப வேண்டும். கொஞ்சம் பழைய வண்டிகளில் இந்த இடத்தில் போல்ட்டுகள் கோத்த ரப்பர் வட்டு ஒன்று இருக்கும், அது வெடித்திருந்தால் முறுகி முறுகி ஆட்டம் கொடுக்கும். எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் உள்ள சில கார்களில் ஸ்டீயரிங் காலத்தில் (column) இருக்கும் மோட்டாருக்கும் கியருக்கும் நடுவே சின்ன ரப்பர் கப்ளிங் ஒன்று உண்டு, அது பொடிந்தால் ஆட்டும்போது உள்ளேயிருந்தே டக்கென்று சத்தம் வரும். பலர் இதை ரேக் சத்தம் என்று நினைத்து ரேக்கை மாற்றிவிடுகிறார்கள்.

அடுத்தது ரேக். ரேக் சட்டத்தோடு சேரும் ரப்பர் புஷ்களைப் பாருங்கள், ஸ்டீயரிங்கை ஆட்டும்போது ரேக்கின் உடம்பே இடமும் வலமுமாக நகர்கிறது என்றால் உள்ளே ஒன்றும் கெடவில்லை, மவுண்ட் புஷ் அல்லது அதன் போல்ட்தான். இது மலிவான வேலை. உடம்பு அசையாமல் நிற்கிறது, ரேக்கைத் தள்ளும் சின்னப் பல்சக்கரமான பினியனுக்குப் போகும் தண்டு திரும்புகிறது, ஆனால் ரேக்கிலிருந்து வெளிவரும் கம்பி கொஞ்சம் தாமதித்துத்தான் நகர்கிறது என்றால் அப்போதுதான் ரேக்கின் உள் தேய்மானம் என்று சொல்லலாம்.

ரேக்கின் இரு முனையிலும் மடிப்பு மடிப்பாக இருக்கும் ரப்பர் உறைக்குள்ளே ரேக் எண்ட் என்கிற உள் ஜாயின்ட் ஒளிந்திருக்கும். அது கண்ணுக்குத் தெரியாது என்பதால்தான் அதிகம் தப்பிப்போகிறது. உறையை வெளியிலிருந்தே இரண்டு விரலால் அமுக்கிப் பிடித்து, உள்ளே அந்த உருண்டையை உணர்ந்தபடி ஆட்டச் சொல்லுங்கள். தேய்ந்திருந்தால் விரலுக்குள் ஒரு சின்னத் தட்டு தெரியும். உறை கிழிந்திருந்தால் தண்ணீரும் மண்ணும் போய் அது சீக்கிரம் கெடும். உறைக்குள் எண்ணெய் தேங்கியிருந்தால் பவர் ஸ்டீயரிங் ரேக்கின் சீல் ஒழுகுகிறது.

வெளி டை ராட் எண்ட்டைக் கண்ணால் பார்ப்பதைவிடக் கையால் பிடிப்பது நல்லது. ஜாயின்ட்டை முழுசாக உள்ளங்கையால் சுற்றிப் பிடித்துக்கொள்ளுங்கள், ராட்டும் சக்கரத்தின் ஆர்மும் இரண்டுமே கைக்குள் படும்படி. நல்ல ஜாயின்ட்டில் இரண்டும் ஒன்றாகப் போகும், தேய்ந்ததில் ஒன்று முந்தும், மற்றது பின்னால் வரும். அது விரலுக்கு உடனே தெரியும்.

ஆள் இல்லை என்றால் மொபைலை அந்த இணைப்புக்கு நேரே சாய்த்து வைத்து வீடியோ ஓட விட்டு, நீங்களே போய் ஆட்டிவிட்டு வந்து பாருங்கள். மெதுவாக ஓட விட்டுப் பார்த்தால் கண்ணுக்குத் தப்பிய அசைவும் தெரிகிறது, இப்போதெல்லாம் ஆள் இருந்தாலும் நான் இதைச் செய்கிறேன்.

ஸ்டீயரிங் பாக்ஸ் உள்ள வண்டி என்றால் வரிசை இது: பாக்ஸ் சட்டத்தில் இறுகியிருக்கிறதா, அந்த இடத்தில் சட்டத்தில் கீறல் இருக்கிறதா, பாக்ஸுக்குள் போகும் தண்டு திரும்பும்போது பாக்ஸிலிருந்து வெளிவரும் டிராப் ஆர்ம் உடனே திரும்புகிறதா, அந்த ஆர்மிலிருந்து அசைவைக் கொண்டுபோகும் டிராக் லிங்க் கம்பியின் ஜாயின்ட்டுகள், எதிர்ப்பக்கத்தில் கம்பியைத் தாங்கும் ஐட்லர் ஆர்ம். ஐட்லர் ஆர்ம் மேலும் கீழுமாகத் துள்ளுவதை இந்த வண்டிகளில் நிறையப் பார்க்கலாம். முன்னால் ஒற்றை ஆக்ஸில் கட்டை இருந்தால் சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னையும், ஆக்ஸிலைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் பானார்டு ராட் இருந்தால் அதன் புஷ்களையும் சேர்த்துப் பாருங்கள்.

சக்கரத்தைத் தூக்கிப் பார்ப்பது

தரைச் சோதனையில் ஒன்றும் அகப்படவில்லை என்றால், அல்லது அகப்பட்டதோடு வேறு எதுவும் சேர்ந்திருக்கிறதா என்று தெரிய வேண்டுமென்றால் ஜாக்கி போடுங்கள். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள், தூக்கிய பிறகு ஸ்டாண்ட் கொடுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி காருக்கு அடியில் தலையையோ கையையோ விடாதீர்கள், இதில் சமரசமே கிடையாது.

ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கினால் போதும், தரையில் இருக்கும் மற்றச் சக்கரம் ரேக்கை ஓரளவு பிடித்துக்கொள்ளும். கடிகாரத்தில் 3 மணி, 9 மணி இருக்கும் இடங்களில் சக்கரத்தைப் பிடித்து உள்ளே வெளியே ஆட்டுங்கள். தட்டுச் சத்தத்தோடு ஆடினால் டை ராட் எண்ட் அல்லது ரேக் எண்ட். அடுத்து 12 மணி, 6 மணி இடங்களில் பிடித்து ஆட்டுங்கள், இங்கே ஆடினால் பால் ஜாயின்ட் (ஆர்மையும் சக்கரத்தையும் சேர்க்கும் உருண்டை இணைப்பு) அல்லது வீல் பேரிங். இரண்டையும் பிரிப்பதற்கு எளிய வழி, உள்ளே ஒருவரை பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுவது. பிரேக் பிடித்ததும் ஆட்டம் மறைந்தால் பேரிங், அப்படியே இருந்தால் பால் ஜாயின்ட். எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி ஆடினாலும் பேரிங்தான், ஓடும்போது விமானம் மாதிரி ஒரு இரைச்சலும் கூடவே இருக்கும், வளைவில் அது கூடும் குறையும்.

பால் ஜாயின்ட்டில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, இதைத் தெரியாமல் நல்ல ஜாயின்ட் என்று விட்டுவிடுவார்கள். ஸ்பிரிங் லோயர் ஆர்மின் மேல் உட்கார்ந்திருக்கும் அமைப்பில் சக்கரத்தைத் தொங்க விட்டால் ஸ்பிரிங்கின் அழுத்தம் ஜாயின்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், ஆட்டம் தெரியாது. அங்கே ஜாக்கியை லோயர் ஆர்மின் கீழே, சக்கரத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு பக்கத்தில் கொடுத்துத் தூக்க வேண்டும். இன்றைக்குப் பெரும்பாலான சின்னக் கார்களில் இருக்கும் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக இருப்பது) அமைப்பில் லோயர் பால் ஜாயின்ட் காரின் எடையைத் தாங்குவதில்லை, சக்கரம் தொங்கிய நிலையிலேயே ஆர்முக்கும், சக்கரத்தைத் தாங்கும் நக்கிளுக்கும் நடுவே ஒரு லிவரை விட்டு நெம்பினால் போதும். ரப்பர் பூட்டைக் கிழிக்காமல் நெம்புங்கள்.

அதே லிவரால் லோயர் ஆர்ம் புஷ்களையும் லேசாக நெம்பிப் பாருங்கள். ரப்பர் கொஞ்சம் கொடுக்கும், அது இயல்பு. ரப்பர் இரும்பிலிருந்து பிரிந்து, ஆர்ம் சட்டென்று துள்ளினால் போய்விட்டது என்று அர்த்தம். அப்புறம் காரை இறக்கிவிட்டு, பானட்டைத் திறந்து ஸ்ட்ரட்டின் உச்சியில் கை வைத்துக்கொண்டு ஸ்டீயரிங்கைத் திருப்பச் சொல்லுங்கள், ஸ்பிரிங் ஒரே சீராகச் சுற்றாமல் தங்கித் தங்கித் துள்ளினால் மேல் பேரிங் கெட்டிருக்கிறது. இது ஆட்டத்தைக் கொடுக்காது, ஆனால் ஸ்டீயரிங் நடுவுக்குத் திரும்பாமல் செய்யும்.

முன்னால் எல்லாம் சுத்தமாக இருந்தும் வளைவில் வண்டியின் வால் தனியாகத் திரும்புவது போல இருந்தால் பின்னால் போங்கள், பின் ஆக்ஸில் புஷ், லீஃப் ஸ்பிரிங் என்றால் அதன் முனையைச் சட்டத்தோடு சேர்க்கும் ஷாக்கிளின் புஷ், யூ போல்ட்டுகள்.

அட்ஜஸ்ட் ஸ்க்ரூவில் கை வைக்காதீர்கள்

ஸ்டீயரிங் பாக்ஸிலும் ரேக்கிலும் ஆட்டத்தைக் குறைக்க ஓர் அட்ஜஸ்ட்மென்ட் இருக்கும், "கொஞ்சம் டைட் பண்ணிட்டா சரியாயிடும்" என்று ஐந்து நிமிடத்தில் முடித்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இதில் கடுமையான கருத்து உண்டு. நாம் பெரும்பாலும் நேராகத்தான் ஓட்டுகிறோம், அதனால் பற்கள் நடுப்பகுதியில்தான் தேய்ந்திருக்கும், ஓரங்களில் புதிதாகவே இருக்கும். நடுவில் ஆட்டம் போகும்வரை இறுக்கினால் திரும்பும்போது ஓரத்தில் பிடித்துக்கொள்ளும், வளைவு முடிந்த பிறகு ஸ்டீயரிங் தானாக நேராகத் திரும்பாது. ஆடும் ஸ்டீயரிங்கைவிடச் சிக்கிக்கொள்ளும் ஸ்டீயரிங் ஆபத்து. மேலே சொன்ன ஒவ்வொரு ஜாயின்ட்டையும் பார்த்து முடித்து, ஆட்டம் உள்ளேதான் என்று உறுதியான பிறகு, மேனுவலில் உள்ள முறைப்படி மட்டுமே அதைத் தொட வேண்டும்.

எதை உடனே நிறுத்த வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். யூ ஜாயின்ட் கிளாம்ப் தளர்ந்திருந்தால், டை ராட் எண்ட் அல்லது பால் ஜாயின்ட் மேலும் கீழுமாகக் கண்ணுக்குத் தெரியும்படி ஆடினால், ஏதாவது ஒரு நட்டில் ஸ்பிளிட் பின் (நட்டு கழலாமல் தடுக்கும் கம்பி) இல்லாமல் இருந்தால், காரை ஓட்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப் போகாதீர்கள், கட்டி இழுத்துப் போகவும் வேண்டாம், வேறு வண்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள். இவை கழன்றால் சக்கரம் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்காது. புஷ், ரேக் மவுண்ட் போன்றவற்றில் கொஞ்சம் அவகாசம் உண்டு.

இன்னும் வாங்கவில்லை, பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் தரைச் சோதனையை விற்பவர் முன்னாலேயே செய்யுங்கள், பத்து நிமிடம்கூட ஆகாது. ஒரே ஒரு பக்கம் மட்டும் புது டை ராட், புது லோயர் ஆர்ம் மின்னிக்கொண்டிருந்தால் ஏன் அந்தப் பக்கம் மட்டும் என்று கேளுங்கள், அந்தச் சக்கரம் எங்கேயாவது பலமாக இடித்திருக்கலாம். அப்படியென்றால் அலைன்மென்ட் ரிப்போர்ட் இல்லாமல் முடிவெடுக்க வேண்டாம்.

பாகம் மாற்றும்போது சில விஷயங்கள். டை ராட் எண்ட்டைக் கழற்றும்போது எத்தனை சுற்று வந்தது என்று எண்ணி, புதியதை அதே சுற்றுக்கு ஏற்றுங்கள், ஒர்க்‌ஷாப் போகும்வரை ஓட்டும்படி இருக்கும். பழைய ஸ்பிளிட் பின்னையும் நைலான் வைத்த நட்டையும் மறுபடி போடாதீர்கள். லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டுகளைக் கார் தன் எடையில் தரையில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும், தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுகியே இருந்து சீக்கிரம் கிழியும். எல்லாம் முடிந்த பிறகுதான் அலைன்மென்ட், அதற்கு முன்னால் செய்தால் தேய்ந்த ஜாயின்ட்டை வைத்து அளந்ததாகத்தான் ஆகும். ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் உள்ள காரில் ஸ்டீயரிங் ஆங்கிள் சென்சாரையும் ஸ்கேனர் போட்டு நேர் செய்யச் சொல்லுங்கள், இல்லையென்றால் டாஷ்போர்டில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். பிறகு அந்த டேப்பை மறுபடி ஒட்டி அளந்து, முதலில் குறித்த எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு வாரம் ஓட்டிய பிறகு நீங்கள் கை வைத்த ஒவ்வொரு போல்ட்டிலும் ஸ்பேனரை வைத்து மறுபடி ஒருமுறை பாருங்கள்.